ஏழாவது குப்பி

ஆடிப்பெருக்கு கழிந்து நான்காம் நாள்.
கீழணையில் மதகு தூக்கிய தண்ணீர்
கொள்ளிடத்தோடு இறங்கி வந்து
பழையாற்று முகத்தில்
கடலைக் காவியாக்கியிருந்தது.

காலை பத்து நாற்பத்திரண்டுக்கு
எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில்
அது கடக்கும்.
அதற்குள் ஏழாம் புள்ளியில் நிற்க வேண்டும்.
"பஸ்ஸா, நேரத்துக்கு வர?"
என்றார் வைரக்கண்ணு,
வேகத்தைக் கூட்டாமல்.
டீசல் கணக்கு அவருடையது.

செயற்கைக்கோளுக்கு வாயு தெரியாது.
நிறம் தெரியும்,
மேல்தோலின் சூடு தெரியும்.
பச்சை இவ்வளவு, வெப்பம் இவ்வளவு என்றால்
கரைந்திருப்பது இவ்வளவு இருக்கலாமென்று
ஊகிப்பது என் பிழைப்பு.
முகம் சிவந்ததை வைத்துக்
காய்ச்சல் என்பதுபோல.
சமயத்தில் அது வெட்கமாகவும் இருக்கும்.

அதனால்தான் குப்பிகள்.
குழாயை அடிவரை விட்டு நிரப்பி,
வழியவிட்டு, இன்னும் வழியவிட்டு,
ஒரு குமிழிகூடத் தங்காமல் மூட வேண்டும்.
மூடுமுன் இரண்டு சொட்டு
பாதரச உப்பு.
நீரின் உயிரெல்லாம் அக்கணமே நின்றால்தான்
அக்கணத்து வாயு
சீர்காழியில் ரயிலேறிச்
சென்னை ஆய்வகம்வரை மாறாமல் வரும்.

"கொன்னுட்டு அப்புறம் விசாரணையா, மேடம்?"

பத்து முப்பத்தெட்டு.
மேற்கே புறப்பட்ட ஒற்றை மேகம்
எங்களுக்கு நேர் மேலே வந்து நின்றது.
நின்றால் நாங்கள் இல்லை.
எங்கள் சதுரத்தில்
பக்கத்துச் சதுரங்களின் சராசரி
வந்து உட்கார்ந்துகொள்ளும்.
வைரக்கண்ணு மேகத்தைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
பத்து நாற்பத்தொன்றுக்கு அது நகர்ந்தது.
வெயில் விழுந்த வண்டலை
மேலே ஒரு கண்
பச்சை என்று எழுதிக்கொண்டு போனது.

மூன்று வாரம் கழித்துக்
கணினி சொன்னது: ஆறு புள்ளி ஒன்று.
குப்பி சொன்னது: பதினொன்று புள்ளி நான்கு.
மற்ற ஆறும்
எண்ணெய் வைத்துப் படிய வாரிய மயிராய்க்
கோட்டோடு ஒட்டிக் கிடக்க
இது மட்டும் சிலிர்த்து நின்றது.

திட்டத் தலைவர் தில்லைநாயகி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"ஏழை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்றார்.
எண்ணைத்தான் சொன்னார்.
எடுத்துப் பார்த்தேன்.
கோடு எவ்வளவு அழகாக வந்தது!
அப்படியொரு கோட்டை
என் ஐந்து வருடத்தில் நான் போட்டதில்லை.

மாதானத்திலும் ஆச்சாள்புரத்திலும்
குறுவைக்கு அப்போதுதான் மேலுரம் போட்டிருந்தார்கள்.
பயிர் தின்றது போக மிச்ச யூரியா
வடிகாலில் நடந்து,
சேற்றின் நுண்ணுயிர்கள் மூச்சுவிட மூச்சுவிட
வேறொன்றாகிக் கடல் சேர்ந்திருக்கலாம்.
பல் பிடுங்குமுன் முகர வைப்பார்களே, அந்த வாயு.
இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.
ஒரு குப்பிக்கு அதற்குமேல் வாயில்லை.

படகு வாடகை பாக்கிக்காக
வைரக்கண்ணு போன் செய்தபோது சொன்னேன்.
"சிரிப்பு வாயுவா?
அதான் அன்னிக்கு வலைல ஒண்ணும் படல,
மீனெல்லாம் சிரிச்சிட்டே போயிருக்கும்"
என்றவர், குரல் மாறாமல்,
"ஆயிரத்து இருநூறு, மேடம்" என்றார்.

அனுப்பினேன்.
அன்று இரவு ஏழைத் திரும்ப வைத்தேன்.
கோடு கோணியது.
திருத்திய படத்தை
இன்னும் தில்லைநாயகிக்கு அனுப்பவில்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் இரட்டைக் குப்பி எடுப்பது வழக்கம்.
ஏழின் இணை
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.
காவி அடியில் படிந்து
மேலே நீர் தெளிந்துவிட்டது.
விளக்கில் தூக்கிப் பிடித்தால்
என் விரல்கள்தான் தெரிகின்றன.
நாளை காலை பத்தரைக்கு மேல்
இயந்திரம் காலி.